மோட்டார் வீடும் கூடாரத் திடலும்

வீட்டை விட்டுப் பிரயாணம் போவது நம்மவர்க்குப் புதிதன்று. பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாள் முதல் அதுவே நம் சரித்திரமாக இருந்து வருகிறது. ஆனால் வீட்டையே ஓட்டிக்கொண்டு போய், பொழுது சாய்ந்தவிடத்தில் அதை நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழுந்து, மறுநாட் காலையில் அதே வீட்டோடு புறப்பட்டுவிடும் ஒரு வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருந்து வருகிறது. நேயர்களிற் பலர் அதைப் படங்களிற் பார்த்திருக்கலாம். நம் நாட்டிலும் சில ஆண்டுகளாக அத்தகைய வண்டிகள் இரண்டொன்று கண்ணிற் படுகின்றன. அமெரிக்காவின் பொதுப் பூங்காவொன்றில் மூன்று இரவுகள் அவ்வாறு தங்கி வந்தவன் என்ற முறையில் நான் கண்டதையும் கேட்டதையும் எழுத விரும்புகிறேன். வண்டியைப் பற்றி மட்டும் எழுதுவதானால் ஒரு பத்தி போதும். அங்கே வேறு சில விஷயங்களும் கிளம்பிவிட்டன.

என் தமக்கையார் தம் கணவருடன் வர்ஜீனியா மாகாணத்தில், வாஷிங்டன் நகருக்குச் சமீபமான ஓர் ஊரில் வசித்து வருகிறார். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த லீவை ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்த சமயம், அத்தானின் தகப்பனாரும் அங்கே வந்து தங்கியிருந்தார். மாமா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, மண்டோராகி, சேமநிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறியவர். வயது எழுபத்தாறு. அக்காள், அத்தான், இரண்டு குழந்தைகள், மாமா, நான் ஆகிய ஆறு பேருக்கும் ஓட்டலில் அறையெடுப்பதைக் காட்டிலும் ஒரு மோட்டார் வீட்டை வாடகைக்குப் பிடித்து ஷெனாண்டோவா மலைக்குப் போய்வருவதே நலம் என்று அத்தான் தீர்மானித்தார். மாமாவுக்கு இந்த யோசனை அவ்வளவாக ரசிக்கவில்லை. "உள்ள வீட்டை விட்டுவிட்டு லாரியில் போய்ப் படுப்பானேன்?" என்றார்.

வண்டி இருபத்தைந்தடி நீளம். டிரைவர் ஆசனத்துக்கு மேலே ஒரு படுக்கை, பின்புறம் ஒரு படுக்கை, சாப்பாட்டு மேஜையை மடக்கினால் மூன்றாவது படுக்கை. காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தக்க குளியலறையும் கக்கூசும் உண்டு. வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, பாத்திரங் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டி. மூன்றாவது மலத் தொட்டி. அமெரிக்கர் இவற்றைச் சாம்பல் நீர், கறுப்பு நீர் என்று நாகரிகமாகக் குறிப்பிடுகிறார்கள். முதற்றொட்டி குறையக் குறைய மற்ற இரண்டும் நிறையும். ஆகவே இவ்வண்டியிற் போகிறவன் நாளொன்றுக்கு எத்தனை குவளை நீர் செலவாகிறது என்பதை ஸ்டோர்க் கிராணியைப் போலக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலநாளைய ஜீவனத்துக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது இதனால் நன்றாகத் தெரிந்துவிடுகிறது. அக்காள் ஒரு வாளி நீரில் ஆறு பேர் தட்டுகளையும் கழுவியதைக் கண்டு மாமாவே வியந்தார்.

ஷெனாண்டோவா தேசியப் பூங்கா 1935ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்தாபிதமாயிற்று. 1936 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதனைத் திறந்து வைத்தார். மலைத்தொடரின் முதுகின் மேலேயே நூற்றைந்து மைல் தூரத்துக்கு ஒரு பாதை போகிறது. மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. முப்பத்திரண்டாவது மைலில் பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். அதன் உயரம் பன்னிரண்டடி எட்டங்குலம். அதைவிட உயரமான வண்டி வேறு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் வண்டியின் உயரம் டிரைவரின் கண்ணுக்கெதிரே சீட்டெழுதி ஒட்டப்பட்டிருந்தது. பதினோரடிக்குச் சற்று அதிகம். கணக்குப்படி தாராளமாகப் போகலாம். ஆயினும் சுரங்கவாயில் நெருங்கியபோது வண்டிக்குள்ளிருந்த ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். குழந்தைகள் வெகு நேரம் இதைச் சொல்லிச் சிரித்தன.

இனித் திடலைப் பற்றிக் கூறுகிறேன். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ஆதியில் மோட்டார்களுக்கு அனுமதி இல்லை. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதிதான் மோட்டார் வண்டிகள் விடப்பட்டன. விட்ட பின் ஜனங்கள் கண்ட கண்ட மரத்தடியில் வண்டியை ஏற்றி நிறுத்திக் கூடாரமடித்தார்கள். சில வருஷங்களில் அம்மரங்கள் வாடத் தொடங்கின. மீனெக்கி என்னும் தாவர நோய் நிபுணர் காரணத்தை ஆராய்ந்தார். மரத்துக்கு வந்த வியாதி பூச்சியாலன்று. மனிதர் காலும் வண்டிச் சக்கரமும் மண்ணை இறுக்கிவிட்டதால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டவில்லை என்று கண்டார். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓடியோடிக் கட்டாந்தரையான பாதையோரத்து மரங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1932இல் அவர் ஒரு திட்டம் எழுதினார். திடலுக்குள் ஒருவழிப் பாதை வளைந்து செல்ல வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வண்டி நிற்கத்தக்க சிறு கிளைப்பாதை பிரிய வேண்டும். மேஜையும் அடுப்பும் ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும். வண்டி நகர முடியாதபடி பாறைகளும் கட்டைகளும் தடுப்பாக நிற்க வேண்டும். இன்றும் அந்நாட்டுத் திடல்கள் பெரும்பாலும் இவ்வமைப்பிலேயே இருக்கின்றன. வேலையற்ற வாலிபர்களைக் கொண்டு 1933 முதல் 1942 வரை சர்க்கார் நடத்திய படையே இவற்றிற் பலவற்றைக் கட்டியது. ஒரு மரத்தின் வேருக்காக ஒருவர் எழுதிய திட்டத்தினால், பல லட்சம் குடும்பங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இரவைக் கழிக்க முடிகிறது.

நாங்கள் தங்கிய லூயிஸ் மவுண்டன் திடல் அப்பூங்காவிலுள்ள நான்கு பெரிய திடல்களில் மிகச் சிறியது. முப்பது இடங்கள்தாம். மின்சாரக் கம்பி, குழாய் இணைப்பு எதுவும் கிடையாது. ஜெனரேட்டரைக் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் மட்டுமே ஓட்டலாம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. கரடி உலாவும் காடாகையால் ரொட்டித் துணுக்கைக்கூட வெளியே வைக்கக் கூடாது. இப்படிப்பட்ட பொதுத் திடல்கள் பலவற்றில் வாடகை வாங்க ஆள் கிடையாது. வாசலில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. உறையை எடுத்து, பெயரையும் வண்டி எண்ணையும் எழுதி, பணத்தை உள்ளிட்டு, அக்குழாயிற் போட்டுவிட வேண்டும். அதற்கு "இரும்பு ரேஞ்சர்" என்று பரிகாசப் பெயர். கிராணியே இல்லாமல் வசூல் நடப்பதைக் கண்டு, கிராணியாகிய எனக்குச் சிறிது சங்கடமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

சர்க்காருடைய திடல்களில் ஒருவர் இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்றொரு சட்டம் பெரும்பாலும் உண்டு. பல இடங்களில் அது பதினான்கு நாள். இதை நான் படித்துக் காட்டியபோது மாமா கேட்டார்: "பதினைந்தாம் நாள் எங்கே போவார்கள்?" அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்நாட்டில் உல்லாசத்துக்காக இவ்வண்டியிற் போகிறவர்கள் போக, வீட்டு வாடகை கொடுக்க இயலாமல் வண்டியையே வீடாகக் கொண்ட முதியவர்களும் பலர் இருக்கிறார்கள். ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் இவர்களோடு பழகி 2017இல் ஒரு புத்தகம் எழுதினார்; 2020இல் அது 'நோமட்லேண்ட்' என்னும் படமாகவும் வந்தது. அவர்களிற் சிலர் பூங்காக்களிலேயே பருவ வேலை பார்க்கிறார்கள். திடலைப் பார்த்துக்கொள்வது, கக்கூஸ் கழுவுவது, வந்தவருக்கு வழி சொல்வது ஆகிய வேலைகளுக்குக் கூலியாகவோ, வெறும் இடத்துக்கு ஈடாகவோ அங்கே தங்கியிருக்கிறார்கள்.

தோட்டத்து வீட்டிற் குடியிருப்பவனுக்கு இது அந்நிய விஷயமன்று. வேலை இருக்கிறவரையிலுந்தான் நமக்கு வீடு. பெரட்டுக்குப் போகிற கால் நின்றால் லயத்துக் கதவும் சாத்தப்படும். நான் குடியிருக்கும் கிராணி வீட்டுக்கு நாலு அறையும் முன்னாலே பூச்செடியும் உண்டு. ஆனால் அதன் சாவியும் என் சம்பளச் சீட்டோடு சேர்ந்ததுதான். மாமா தம் நாற்பது வருஷ லயத்தை ஒரு மாத நோட்டீசில் காலி செய்தவர். அவர் கேள்விக்கு அத்தான் சட்டப்படி பதில் சொன்னார். மாமா கேட்டது சட்டத்தையன்று.

முதல் நாள் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இந்த இடத்தின் பூர்வோத்தரம் என்ன என்று அக்காள் கேட்கவே, பூங்காவார் வெளியிட்டிருக்கும் சரித்திரக் குறிப்புகளைக் கைபேசியில் எடுத்து, நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிறிது தூரம் போனதும் என் குரல் தானாகத் தாழ்ந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த லூயிஸ் மவுண்டன், 1939ஆம் ஆண்டு கறுப்பினத்தாருக்கென்று தனியாக ஒதுக்கித் திறக்கப்பட்ட இடம். சாலையோரத்தில் "நீக்ரோ ஏரியா" என்று பெரிய பலகையில் எழுதி நிறுத்தியிருந்தார்கள். அப்போது வர்ஜீனியாவில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பதே மாகாணச் சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்தது. தேசியப் பூங்காவோ எல்லா ஜனங்களுடைய வரிப்பணத்திலும் நடப்பது. அப்படியிருந்தும் மாகாண வழக்கத்துக்குப் பூங்கா இலாகா தலைவணங்கிவிட்டது.

அந்த இலாகாவுக்கு மேலான உள்நாட்டு மந்திரி ஹெரால்டு இக்கஸ் என்பவர். கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் மண்டபம் மறுக்கப்பட்டபோது, 1939 ஏப்ரல் 9ஆம் தேதி லிங்கன் நினைவாலயத்தின் படிகளிலேயே அவரைப் பாட வைத்து, மேடையில் அறிமுகமும் செய்தவர் அவர்தாம். அவருக்குக் கறுப்பினத்தார் விவகாரங்களில் ஆலோசகராக இருந்த வில்லியம் டிரெண்ட், பூங்காக்களில் இப்பிரிவினை கூடாதென்று விடாமல் வற்புறுத்தி வந்தார். அதே 1939இல் பூங்காவிலுள்ள ஓர் உண்டாட்டுத் திடலை மட்டும் இருசாராருக்கும் பொதுவாக விட்டுப் பார்த்தார்கள். ஒரு கலகமும் நடக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பொதுவாக்குவதற்கு யுத்தம் முடிய வேண்டியிருந்தது. 1947இல் தொடங்கி 1950க்குள் பிரிவினை நீங்கிற்று. பலகையையும் எடுத்துவிட்டார்கள்.

அக்காலத்தில் மோட்டார் வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் வழியிலே எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு வழிகாட்டிப் புத்தகம் 1936 முதல் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் விக்டர் கிரீன் என்னும் தபால்காரர். வீடுவீடாகக் கடிதம் கொடுத்துத் திரிந்தவனுக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது தெரிந்திராதா?

நான் படித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. குழந்தை ஒன்று, "அந்தப் பலகை எங்கே?" என்று கேட்டு இருட்டில் எட்டிப் பார்த்தது. பிறகு மாமா மெதுவாகச் சொன்னார்: "எங்கள் தோட்டத்திலே பலகை கிடையாது தம்பி. பலகை இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்." கடைசி லயம் யாருக்கு, எந்தக் குழாயடியில் யார் குடம் வைக்கலாம், கோயில் திருவிழாவில் யார் எந்த மட்டும் வரலாம் என்பதெல்லாம் துரை போட்ட சட்டமல்ல, நாமே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சரக்கு. துரைமார் அதைக் கலைக்கவில்லை; அவர்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. மாமா இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லவில்லை. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நெருப்பைக் கிளறினார். மற்றது நான் பெரியவர்கள் வாயிலாக முன்பே கேட்டிருந்தது.

மறுநாள் காட்டுக்குள் நடக்கப் போனோம். அங்கே ஒரு கல் புகைபோக்கி மாத்திரம் தனியே நின்றுகொண்டிருந்தது. பூங்கா உண்டாவதற்கு முன் அம்மலையில் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நிலத்தை வர்ஜீனியா சர்க்கார் கட்டாயமாக எடுத்து மத்திய சர்க்காருக்குக் கொடுத்தது. சிலருக்கு நஷ்டஈடு கிடைத்தது. பிறர் நிலத்திற் குடியிருந்த பலருக்கு அதுவுமில்லை. வயது முதிர்ந்த சிலரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். அவர்களிற் கடைசியாக எஞ்சிய மூதாட்டி 1979இல் இறந்தார். குடும்பத்துக் கல்லறைகள் இன்றும் மரங்களுக்கிடையே கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் வந்து புல் வெட்டிப் போவதுண்டாம். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, மாரியம்மன் கோயிலும் இடுகாடும் மட்டும் வீட்டுமனைகளுக்கு நடுவே வழக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிற நமக்கு அந்தப் புகைபோக்கி என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மாமா அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல கட்டு" என்றார். அவ்வளவுதான்.

நான்காம் நாட் காலையிற் புறப்பட்டோம். லூயிஸ் மவுண்டனில் தொட்டியைக் காலி செய்ய வசதி இல்லை. ஆறு மைலுக்கு அப்பாலுள்ள பிக் மெடோஸ் திடலில் அதற்கென்று ஓரிடம் இருக்கிறது. தரையில் மூடி போட்ட துவாரம். அருகே அலம்புவதற்கு ஒரு குழாய். அதற்கு எட்ட, குடிநீருக்கு வேறொரு குழாய். அத்தான் ரப்பர்க் கையுறையை மாட்டிக்கொண்டு, வண்டியின் அடியிலிருந்து தடித்த குழாயை இழுத்துத் துவாரத்திற் பொருத்தினார். முதலில் மலத் தொட்டியின் அடைப்பைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகே மற்றத் தொட்டியைத் திறக்க வேண்டும். சோப்பு நீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும் என்பது அந்த ஒழுங்கின் காரணம்.

மாமா இறங்கி வந்து பார்த்தார். என்ன நடக்கிறதென்று புரிந்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று.

"என்ன வேலைப்பா இது? நீ செய்வதா? காசு கொடுத்தால் ஆள் வரமாட்டானா?"

"ஆள் கிடையாதப்பா. அவரவர் வண்டியை அவரவர்தான்."

"எஞ்சினியருக்குப் படிக்க வைத்தது இதற்கா?"

அத்தான் பதில் பேசாமல் காரியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டிக்குப் பின்னால், பஸ் அளவுள்ள பெரிய வண்டியொன்று வரிசையில் நின்றது. அதன் விலைக்கு நம்மூரில் இரண்டு மாடி வீடு வாங்கலாம். அதிலிருந்து நரைத்த தலையுடைய ஒரு கனவான் இறங்கி, தாமும் கையுறையை மாட்டிக்கொண்டு, தம் முறை வரும்வரை எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தபடி நின்றார். மாமா அவரையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதைக் கொண்டு அமெரிக்கரெல்லாம் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நிறுத்திய பலகையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். பூங்காவின் பொதுக் கக்கூஸ்களைக் கூலிக்கு ஆள் கழுவத்தான் செய்கிறார்கள். நான் சொல்வது வேறு. ஒரு மனிதனின் கழிவை அகற்றுவது ஒரு கருவியும் ஒரு கையுறையும் பத்து நிமிஷமும் வேண்டிய வேலை. அதற்குப் பிறப்பு என்னும் தகுதி எதுவும் வேண்டியதில்லை. நம் முன்னோர் நாட்டில் இதற்கென்று சில குலங்களையே ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகக் கூடையைச் சுமக்க வைத்தார்கள். இந்தியா 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் செய்து அதைத் தடுத்த பின்னும், சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிய செய்தி நின்றபாடில்லை. மலாயாவிலும் வாளிக் கக்கூஸ் வெகுகாலம் இருந்தது. சிங்கப்பூரில் கடைசி வாளி 1987இல்தான் போயிற்று.

வண்டி திரும்பவும் மலைப்பாதையில் ஏறிய பிறகு மாமா என்னருகில் வந்து உட்கார்ந்தார். வெகு தூரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்பு சொல்லத் தொடங்கினார். அவர் சிறு பையனாக இருந்தபோது அத்தோட்டத்தில் வாளி எடுக்கிற ஓர் ஆள் இருந்தாராம். விடியுமுன் வருவார், சங்கு ஊதுவதற்குள் போய்விடுவார். கடைசி லயத்துக்கும் அப்பால், ஓடையோரத்தில், அவருக்குத் தனிக் குடிசை. கறுப்பு நாய் ஒன்று கூடவே வரும். நாயின் பெயர் மணி. தீபாவளியன்று மாமாவின் தாயார் பலகாரத்தை இலையில் கட்டித் தரையில் வைப்பாராம். அவர் எடுத்துக்கொண்டு போவாராம். மழைக்காலத்திற் காய்ச்சல் கண்டு அவர் நான்கு நாள் வராமற் போனபோது தோட்டமே நாறிப்போய், மண்டோர்கள் குடிசைக்குப் போய்க் கூப்பிட்டார்களாம். உள்ளே போகவில்லை, வெளியே நின்று கூப்பிட்டார்களாம்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா மாமா?" என்று கேட்டேன்.

மாமா யோசித்தார். சுரங்கம் வந்தது, போயிற்று. இம்முறை நாங்கள் யாரும் தலை குனியவில்லை.

"பேர் ஒன்று இருந்திருக்கும் தம்பி," என்றார். "நாங்கள் வேலையைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். நாயின் பேர் ஞாபகம் இருக்கிறது."

ஊர் திரும்பிய பிறகு அந்தத் தோட்டத்தைப் பற்றி விசாரித்தேன். எந்தத் தோட்டத்திலும் வாளியெடுத்தவருக்கும் சம்பளம் உண்டு. சம்பளம் உண்டென்றால் செக்ரோலில் எண்ணும் பெயரும் இருக்க வேண்டும். அது என் தொழில். ஆனால் அத்தோட்டம் கைமாறி, துண்டு போடப்பட்டு, இப்போது அங்கே வீடுகளும் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனும் இருக்கின்றன. ஆபீஸ் புத்தகங்கள் எங்கே போயின என்று சொல்லத்தக்கவர் கிடைக்கவில்லை. அங்கே முன்னிருந்த கிராணியின் குமாரர் ஈப்போவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறேன். மாமா வாரத்துக்கொரு முறை அங்கிருந்து போன் செய்து, பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.